வலிக்கிற வரை காத்திருக்கலாமா? கம்பம் பள்ளத்தாக்கில் ஒவ்வொருவரும் தெரிந்து வைக்க வேண்டிய 6 சோதனைகள்!

தேனி--

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி பக்கம் விடியற்காலையில் எழுந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இருட்டு பிரிவதற்கு முன்பே ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு என்று வண்டிகள் மலை ஏறும். வீடு திரும்ப அந்தி சாய்ந்துவிடும்.

அவர்களில் ஒருவரை நிறுத்தி, "அம்மா, உங்க பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள்.

"எனக்கென்னய்யா நோவு? நல்லாத்தேன் இருக்கேன்" என்று பதில் வரும்.

ஏலக்காய் இன்றைக்கு என்ன விலை என்று கேளுங்கள். பட்டென்று சொல்வார்கள். பன்னீர் திராட்சை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று கேளுங்கள். அதுவும் தெரியும். சொந்த ரத்தத்தின் கணக்கு மட்டும் தெரியாது.

ஜீப்பில் போகிறவர்களை மட்டும் சொல்லவில்லை. சின்னமனூர் வாழைக்காய் வியாபாரி, ஆண்டிபட்டி நெசவாளி, பெரியகுளம் வாத்தியார் என்று யாரைக் கேட்டாலும் பாதிப் பேர் இதே பதிலைத்தான் சொல்வார்கள்.

"வலித்தால் ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்பது நம் வழக்கம். ஆனால் ஆளைச் சாய்க்கிற பெரிய நோய்கள் பல, ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. ரத்தக் கொதிப்பு வலிக்காது. சர்க்கரை வலிக்காது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் வந்தால் அதுவும் வலிக்காது. வலி வரும்போது நோய் பாதி வீட்டைப் பிடித்திருக்கும்.

அதைக் காட்டிக்கொடுப்பது அளவு ஒன்றுதான்.

100-க்கு 7 பேர்!

2020-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு மாநிலம் முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. அதில் தெரிந்த கணக்கு இது:-

பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. சுமார் ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி.

அது கூடப் பெரிய அதிர்ச்சி இல்லை. அடுத்த கணக்குதான் அதிர்ச்சி.

ரத்தக் கொதிப்பு உள்ள 100 பேரை எடுத்துக்கொண்டால், அது கட்டுக்குள் இருந்தது சுமார் 7 பேருக்குத்தான். சர்க்கரை உள்ள 100 பேரில் 11 பேருக்குத்தான்.

மீதிப் பேர்? தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள் ஒரு கூட்டம். தெரிந்தும் மாத்திரை சாப்பிடாதவர்கள் ஒரு கூட்டம். கொஞ்ச நாள் சாப்பிட்டு, "இப்ப நல்லாயிருச்சு" என்று விட்டவர்கள் இன்னொரு கூட்டம்.

ஆக, சோதனை செய்வது பாதி வேலை. சீட்டில் எழுதிய எண்ணைப் புரிந்துகொண்டு, சொன்ன தேதியில் திரும்பிப் போவது மீதி வேலை. இந்த மீதி வேலையில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

இனி ஒவ்வொரு சோதனையாகப் பார்ப்போம்.

1. பிரஷர்

திராட்சைத் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மோட்டாரின் வேகம் கூடினால் குழாய் உடனே வெடிப்பதில்லை. நாள்பட, பலவீனமான இணைப்பு எதுவோ அங்கே பீறிடும். உடம்பில் அந்தப் பலவீனமான இடம் மூளையாக இருக்கலாம். இதயமாக இருக்கலாம். சிறுநீரகமாக இருக்கலாம்.

சீட்டில் 120/80 என்று இரண்டு எண் இருக்கும். மேலே உள்ளது, இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழே உள்ளது, இதயம் ஓய்வெடுக்கும்போது உள்ள அழுத்தம். கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை 1896-ல் இத்தாலி நாட்டு டாக்டர் ரிவா-ரோச்சி செய்தார். ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டு இரண்டு எண்ணையும் கண்டுபிடிக்கும் முறையை 1905-ல் ரஷிய டாக்டர் கொரோட்காவ் சொன்னார்.

120/80-க்குள் இருந்தால் நல்லது. வெவ்வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ரத்தக் கொதிப்பு. மேல் எண் மட்டும் கூடினாலும் கணக்கில் சேரும். கீழ் எண் மட்டும் கூடினாலும் சேரும். 180/110-ஐத் தொட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அளப்பதிலும் தப்பு வரும்

பஸ்சை விட்டு இறங்கி ஓடி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, உடனே கையை நீட்டுவார்கள். வருகிற எண் உங்கள் பிரஷர் இல்லை. நீங்கள் ஓடிவந்த ஓட்டத்தின் பிரஷர்!

முறை வருமாறு:-

அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே டீ, காபி, பீடி கூடாது. சிறுநீர் வந்தால் போய்விட்டு வந்து உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் ஊன்றி 5 நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். கால் மேல் கால் போடக்கூடாது. ரவிக்கைக் கை, சட்டைக் கை மேலே பட்டையைக் கட்டக்கூடாது. கையை மேஜை மேல், இதயத்தின் உயரத்தில் வைக்க வேண்டும். அளக்கும்போது பேசக்கூடாது.

"இதெல்லாம் சின்ன விஷயம்" என்று நினைக்காதீர்கள். 2024-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கையை மடியில் வைத்து அளந்தால் மேல் எண் சுமார் 4 புள்ளியும், கையைத் தொங்கவிட்டு அளந்தால் 6 புள்ளிக்கு மேலும் கூடுதலாகக் காட்டியது தெரிந்தது. எல்லைக்கோட்டில் நிற்கிறவருக்கு அந்த 6 புள்ளி போதும். இல்லாத நோய்க்கு மாத்திரை தின்ன வேண்டி வந்துவிடும்.

கூட்டமான முகாமில் நர்சம்மா அவசரப்பட்டால், "கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேம்மா, அப்புறம் பாருங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை.

2. இடுப்புச் சுற்றளவு

இதற்கு ஊசி வேண்டாம். ரத்தம் வேண்டாம். தையல்காரரிடம் இருக்கும் டேப் போதும்.

வேட்டி கட்டும் இடத்தில் அளக்கக்கூடாது. தொந்தி உள்ளவர்கள் தொந்திக்குக் கீழே வேட்டியைக் கட்டிக்கொண்டு "என் இடுப்பு 34 தான்" என்பார்கள். அது கணக்கு இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும்.

ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 35 1/2 அங்குலம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது சுமார் 31 1/2 அங்குலம். அதைத் தாண்டினால் எச்சரிக்கை. கையும் காலும் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னே வந்திருந்தாலும் இதே எச்சரிக்கைதான். நம் ஊர்க்காரர்களுக்கு ஆபத்து அந்த வயிற்றுக் கொழுப்பில்தான் இருக்கிறது.

சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி டாக்டர்கள் 2005-ல் ஒரு சுலபமான மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். இதோ:-

வயது: 35-க்குள் 0. 35 முதல் 49 வரை 20. 50-க்கு மேல் 30.

இடுப்பு: ஆண் 90-க்குள், பெண் 80-க்குள் 0. ஆண் 90 முதல் 99, பெண் 80 முதல் 89 வரை 10. அதற்கு மேல் 20.

உடல் உழைப்பு: கடின வேலையும் உண்டு, உடற்பயிற்சியும் உண்டு என்றால் 0. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டுமே இல்லை என்றால் 30.

குடும்பம்: தாய், தந்தை இருவருக்கும் சர்க்கரை இல்லை என்றால் 0. ஒருவருக்கு இருந்தால் 10. இருவருக்கும் இருந்தால் 20.

மொத்தம் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம். தள்ளிப்போடாமல் ரத்தம் பார்க்க வேண்டும்.

உதாரணம் போட்டுப் பார்ப்போம். மலைக்குப் போகும் 42 வயதுப் பெண். இடுப்பு 78. கடின வேலை உண்டு. தனியாக உடற்பயிற்சி இல்லை. குடும்பத்தில் சர்க்கரை இல்லை. மொத்தம் 40.

அவரை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். வயது 45. இடுப்பு 101. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. தாயாருக்குச் சர்க்கரை. மொத்தம் 80!

ஒரே ஜீப். ஒரே மலை. ஒரே டீக்கடை. ஆனால் கணக்கு வேறு.

3. சர்க்கரை

வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை 100-க்குள் இருக்க வேண்டும். 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140-க்குள் இருக்க வேண்டும். 140 முதல் 199 வரை எல்லைக்கோடு. 200-ம் அதற்கு மேலும் வியாதி.

வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம். "ஒரே ஒரு டீதான் குடிச்சேன்" என்றால் அது வெறும் வயிறு இல்லை.

விடியுமுன் டீ குடித்து ஜீப் ஏறுகிறவர்களுக்கு இது சிரமம்தான். அவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எச்.பி.ஏ.1.சி. என்று ஒரு ரத்தச் சோதனை. இதற்குப் பட்டினி தேவை இல்லை. எந்த நேரமும் எடுக்கலாம்.

போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. ஒருநாள் விலை ஏறும், ஒருநாள் இறங்கும். ஒருநாள் விலையை வைத்து அந்தப் பருவமே லாபம் என்று யாராவது சொல்வார்களா? மூன்று மாத சராசரியைப் பார்த்தால்தானே உண்மை தெரியும்! எச்.பி.ஏ.1.சி. அந்தச் சராசரி. 5.7-க்குள் இருந்தால் சரி. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி. சோதனைக்கு முதல் நாள் மட்டும் சோற்றைக் குறைத்து இந்த எண்ணை ஏமாற்ற முடியாது!

ஆனால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் மாறிக் காட்டலாம். அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு ஒரு தடவை எண் கூடி வந்தால், இன்னொரு நாள் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

எல்லைக்கோட்டில் நிற்கிறீர்களா?

பயப்பட வேண்டாம். சந்தோஷப்படலாம். வண்டி பள்ளத்தில் விழவில்லை. விளிம்பில் நிற்கிறது.

சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் எல்லைக்கோட்டில் இருந்தவர்களை 3 ஆண்டு கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டை மாற்றி, தினமும் நடக்கச் சொன்ன கூட்டத்தில் அது 39 ஆகக் குறைந்தது. மாத்திரை கொடுத்த கூட்டத்திலும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைந்தது. நடைக்கு மாத்திரையின் பலம் இருந்தது!

சர்க்கரை வந்துவிட்டவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரையைக் காட்ட வேண்டும். பார்வை நன்றாகத் தெரிந்தாலும் காட்ட வேண்டும். மங்கிய பிறகு போனால் போன பார்வையை முழுசாக மீட்பது கஷ்டம். அதோடு சிறுநீரில் புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கால் பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் முள் குத்தியது தெரியாமல் போனால், அது பெரிய ஆபத்தின் தொடக்கம்.

4. ரத்த அளவு

"தலை சுத்துது", "மலை ஏறினா மூச்சு வாங்குது", "வேலை ஓடல". பெண்கள் இதை வெயில் மேலும் வயசு மேலும் போட்டுவிடுவார்கள்.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருவர்!

ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13 இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தசோகை. 8-க்குக் கீழே போனால் அது கடுமை.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது. டீ, சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இரும்புச் சத்து மாத்திரை போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஆண்களுக்கு ரத்தம் குறைந்தால் "சத்து இல்லை" என்று டானிக் வாங்கிக் குடித்துவிட்டு இருக்கக்கூடாது. உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும்.

5. கர்ப்பப்பை வாய்ச் சோதனை

தேனி மாவட்டத்துப் பெண்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

இன்று தமிழ்நாடு முழுவதும் அரசு ஆஸ்பத்திரிகளில் நடக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையை, 2010-க்கு முன்பே அரசு இரண்டே இரண்டு மாவட்டங்களில்தான் முதலில் நடத்திப் பார்த்தது. ஒன்று தஞ்சாவூர். இன்னொன்று தேனி!

இங்கே நடந்த பிறகுதான் 2012 முதல் மற்ற மாவட்டங்களுக்குப் படிப்படியாகப் போனது.

இந்தச் சோதனையின் பலத்தை உலகத்துக்குக் காட்டியதும் பக்கத்து மாவட்டம்தான். பழைய மதுரை மாவட்டத்தில் இருந்து 1985-ல் பிரிந்தது திண்டுக்கல். 1996-ல் பிரிந்தது தேனி. அந்தத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். டாக்டர் ஆர்.சங்கரநாராயணன் தலைமையிலான குழு அதை நடத்தியது. முடிவு 2007-ல், லண்டனில் இருந்து வரும் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

சோதனை ரொம்ப எளிது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்ற திரவத்தை, கர்ப்பப்பை வாயில் தடவுகிறார்கள். ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்கிறார்கள். மாறுதல் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். கத்தி இல்லை. மயக்க ஊசி இல்லை. பயிற்சி பெற்ற நர்சுகளே செய்தார்கள்.

சோதனைக்கு அழைத்த கிராமங்களில் 30 முதல் 59 வயது வரை 49 ஆயிரத்து 311 பெண்கள். அவர்களில் 31 ஆயிரத்து 343 பேர் வந்தார்கள்.

பலன் என்ன?

ஒரே ஒரு தடவை சோதனை. அழைக்காத கிராமங்களோடு ஒப்பிட்டால், இந்தக் கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைந்தது. அந்த நோயால் சாவு 35 சதவீதம் குறைந்தது. 30 முதல் 39 வயதுப் பெண்களிடம் சாவு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது!

பயம் வேண்டாம்

"வெள்ளையாத் தெரியுதுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. எனக்குப் புத்துநோய்தான்" என்று அழுதுகொண்டு வீட்டுக்கு வருகிற பெண்கள் உண்டு.

திண்டுக்கல் கணக்கைப் பாருங்கள். சோதித்த பெண்களில் 3 ஆயிரத்து 88 பேருக்கு, அதாவது 10 பேரில் ஒருவருக்கு வெள்ளை தெரிந்தது. அடுத்த சோதனையில், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் உள்ளவர்கள் 1,874 பேர் என்று தெரிந்தது. அந்த மாற்றமும் புற்றுநோய் அல்ல. பல வருஷம் விட்டால் அப்படி ஆகக்கூடியது. குளிரவைத்துச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் அதே கணக்கில் ஒரு வேதனையும் இருக்கிறது.

மாற்றம் இருப்பதாகத் தெரிந்தவர்களில் சிகிச்சை பெற்றுக்கொண்டவர்கள் 100-க்கு 72 பேர்தான். மீதி 28 பேர்? நோய் வரப்போகிறது என்று தெரிந்தும் சிகிச்சை போய்ச் சேரவில்லை. வேலை இருந்திருக்கும். வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள். "வலிக்கலையே, எதுக்கு?" என்று தோன்றியிருக்கும்.

ஆண்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும். வீட்டுப் பெண்ணை ஒருநாள் வேலைக்கு அனுப்பாமல், பஸ்சில் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது உங்கள் கையில் இருக்கிறது.

30 வயது ஆன பெண்கள் 5 வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது நம் நாட்டு அரசு விதி. இதே போகில் மார்பில் கட்டி உண்டா என்றும் நர்சிடம் பார்க்கச் சொல்லலாம். உறவு முடிந்து ரத்தம் படுதல், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுதல் இவை இருந்தால் 5 வருஷக் கணக்குப் பார்க்கக்கூடாது. உடனே போக வேண்டும்.

6. வாய்ச் சோதனை

இது கண்ணாடி முன் நின்று செய்கிற சோதனை. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், பீடி குடிக்கிறவர்கள், பாக்குப் பொட்டலம் அடக்குகிறவர்கள் மாதம் ஒருமுறை செய்ய வேண்டும்.

வெளிச்சத்தில் வாயைத் திறந்து கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி மூன்றையும் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டாலும் காட்டுங்கள்.

"காரம் சாப்பிட்டா எரியுது" என்பதும் ஓர் எச்சரிக்கைதான்.

எங்கே போவது?

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரஷரும் சர்க்கரையும் பார்க்கலாம். அதற்கு மேல் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி அரசு ஆஸ்பத்திரிகள் உண்டு. பெரியகுளத்தில் தலைமை ஆஸ்பத்திரி. க.விலக்கில் 2004-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

2021 ஆகஸ்டு 5-ந்தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் திட்டம் இது. 2024-ல் இதற்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

ஆனால் நம் பள்ளத்தாக்குக்கு என்று ஒரு சிக்கல் உண்டு. மலைக்குப் போகிறவர்களுக்கு வீடு தமிழ்நாட்டில். பகல் கேரளத்தில்! ஊழியர் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பது கிழவியும் பேரனும்தான். கிழவிக்குப் பிரஷர் பார்த்தாயிற்று. குடும்பத்தைத் தாங்குகிற மருமகளுக்கு யார் பார்ப்பது?

வழி இருக்கிறது. ஊழியர் வந்தால் வீட்டில் இருக்கும் பெரியவர்கள், "எங்க மருமக மலைக்குப் போயிருக்கு தாயி. என்னைக்கு வந்தா பாக்கலாம்?" என்று கேட்டு வைக்க வேண்டும். லீவு நாளில் முகாம் போடச் சொல்லி ஊராட்சியில் கேட்கலாம். ஜீப் கிளம்புகிற இடத்திலேயே மாதம் ஒருநாள் விடிகாலையில் ஒரு நர்சு உட்கார்ந்தால், பலருடைய கைகளைப் பார்த்துவிடலாம். சுகாதாரத் துறை இதை யோசிக்க வேண்டும்.

ஒருநாள் கூலி

"ஒருநாள் போனா கூலி போச்சே" என்பது நியாயமான கவலை. ஆனால் வருஷத்தில் ஒருநாள் போதும். பிரஷர், இடுப்பு, சர்க்கரை, ரத்தம், வாய் எல்லாவற்றையும் ஒரே காலையில் முடிக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் காசு இல்லை. அந்த ஒருநாளை மிச்சம் பிடித்துப் பக்கவாதத்தில் விழுந்தால், விழுந்தவர் கூலியும் போகும். பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் இருக்கிறவர் கூலியும் போகும்.

தலை முதல் கால் வரை எண்பது சோதனை என்று ஆயிரக்கணக்கில் காசு கட்டவும் தேவை இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர் முதலில் பார்க்க வேண்டியது மேலே சொன்னவைதான். மற்றதை டாக்டர் சொன்னால் பார்க்கலாம்.

திடீரென்று வாய் கோணினால், ஒரு கை, கால் விழுந்தால், பேச்சுக் குளறினால், நெஞ்சை அழுத்தி வலித்தால் எந்த அளவும் பார்க்க வேண்டாம். உடனே 108-க்குப் போன் போடுங்கள்.

சீட்டு எங்கே?

கடைசியாக ஒரு வார்த்தை.

முகாமில் கொடுத்த சீட்டை என்ன செய்கிறீர்கள்? சுருக்குப் பைக்குள் போய்விடும். வெற்றிலைக் கறையோடு கசங்கி, ஒருநாள் குப்பைக்குப் போய்விடும்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். தேதி, பிரஷர், இடுப்பு, சர்க்கரை, ரத்தம். கீழே, அடுத்து எப்போது போக வேண்டும் என்ற தேதி. பால் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதித் தரும். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள். போன வருஷம் என்ன, இந்த வருஷம் என்ன என்று அவர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார்.

அடுத்த தடவை யாராவது "உங்க பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டால், "நல்லாத்தேன் இருக்கேன்" என்று சொல்லாதீர்கள்.

எண்ணைச் சொல்லுங்கள்!